முன்னுரிமை சிம் வாங்கினால் பேஜரை விட்டுவிடலாமா?

கேள்வி: நாங்கள் ஒரு தன்னார்வ மீட்புக் குழு. விபத்து, தீ என்று அழைப்பு வந்தால் இதுவரை பேஜரில்தான் எல்லோருக்கும் தகவல் போகும். இப்போது ஒரு முகவர் வந்து, அவசர சேவைக்கான முன்னுரிமை சிம்மும் ஒரு செயலியும் இருந்தால் எவ்வளவு நெரிசலிலும் செய்தி நிச்சயம் வந்து சேரும், பேஜரை நிறுத்திவிடலாம் என்கிறார். நம்பலாமா?

பதில்: சிம்மை வாங்குங்கள், பேஜரை நிறுத்தாதீர்கள். 'நிச்சயம்' என்று சொன்னவரிடம் அதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும்.

முன்னுரிமை என்பது பொய் இல்லை. ஒவ்வொரு சிம்மிலும் ஒரு வகுப்பு எண் பதிந்திருக்கும்: பொதுமக்களுக்கு 0 முதல் 9 வரை, அவசர சேவைகளுக்கு 14. டவர் திணறும்போது நெட்வொர்க் பொதுமக்களின் எண்களைக் கொஞ்ச நேரம் தடுத்து வைத்துவிட்டு 14-ஐ உள்ளே விட முடியும். உள்ளே போன பிறகும் உங்கள் டேட்டாவை வரிசையில் முன்னே தள்ளலாம், இடமே இல்லையென்றால் வேறொருவரின் இணைப்பை விலக்கிவிட்டுக்கூட உங்களுக்குக் கொடுக்கலாம். அமெரிக்காவில் ஃபர்ஸ்ட்நெட் என்ற பெயரில் இதற்கென்றே தனி அலைவரிசையும் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் உங்கள் சிம்மில் உண்மையிலேயே போடப்பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் வேகம் தரும் சாதாரண பிளானுக்கு 'முன்னுரிமை' என்று பெயர் வைத்து விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அதனால் முகவரை விட்டுவிட்டு மொபைல் நிறுவனத்திடமே கேளுங்கள்: வரிசையில் முன்னே விடுவது மட்டுமா, அடுத்தவரை விலக்கி இடம் தருவதும் உண்டா? எப்போதும் இயங்குமா, நாங்கள் போன் செய்து கேட்டால்தான் இயக்குவீர்களா? இரண்டாவது பதில் 'கேட்டால்தான்' என்றால், நள்ளிரவு அழைப்புக்கு அது உதவாது.

சரி, எல்லாம் உண்மைதான் என்றே வைத்துக்கொள்வோம். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் பொத்தானை அழுத்தியதும் செய்தி செயலி நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது, அங்கிருந்து கூகுள் அல்லது ஆப்பிளின் அறிவிப்பு சர்வருக்கு, அப்புறம் பொது இணையம் வழியாக உங்கள் மொபைல் நிறுவனத்துக்கு, அதன் பிறகுதான் டவருக்கும் உங்கள் போனுக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் முன்னுரிமை இந்தக் கடைசித் துண்டுக்கு மட்டும்தான். முன்னால் உள்ள சர்வர் எது படுத்தாலும் சிம்மால் ஒன்றும் செய்ய முடியாது. போதாக்குறைக்கு அறிவிப்புச் செய்தி ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். பேஜருக்கு ஒரே ஒலிபரப்பு, எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் அலறும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் இதைச் சொல்வதில்லை. வைஃபை. உங்கள் ஆட்கள் வீட்டில் தூங்கும்போது போன் வீட்டு வைஃபையில் இருக்கும். அப்போது செயலியின் டேட்டா பொதுவாக வைஃபை வழியாகத்தான் போகும், முன்னுரிமை சிம் சும்மா இருக்கும். வைஃபையில் சிக்னல் பட்டைகள் முழுதாகத் தெரியும், ஆனால் பின்னால் பிராட்பேண்ட் செத்துப்போயிருக்கும். போன் அதைக் கண்டுபிடித்து மொபைல் டேட்டாவுக்கு மாறுவதற்குள் நேரம் ஓடிவிடும். தீயணைப்பில் அந்த நேரம் பெரியது. இரண்டு சிம் போடும் போனிலும் இதே கதைதான்: முன்னுரிமை சிம் இரண்டாவதாக இருந்து, டேட்டா சொந்த சிம்முக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் செய்தி பொதுமக்கள் வரிசையில்தான் வரும். ஒவ்வொருவர் போனையும் கையில் வாங்கி, அமைப்புகளில் டேட்டாவுக்கு எந்த சிம் என்று பாருங்கள். முடிந்தால் அழைப்புக்குத் தயார் நிலையில் இருப்பவர்கள் வைஃபையை அணைத்துவிடட்டும். முடியாதென்றால் அதே செய்தி எஸ்எம்எஸ்ஸாகவும் வரும்படி செய்யுங்கள்.

அடுத்தது போனே செய்யும் சதி. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் போன் அசையாமல் கிடந்தால் பேட்டரியைக் காப்பாற்ற செயலிகளை உறங்கவைக்கிறது. அவசரம் என்று குறியிட்டு அனுப்பினால் எழுப்பலாம், ஆனால் சில நிறுவனங்களின் போன்கள் பின்னணியில் உள்ள செயலியைக் கேட்காமலேயே மூடிவிடும். ஐபோனில் சைலன்ட்டையும் மீறி ஒலிக்கும் வசதி 2018 முதல் இருக்கிறது. அதற்குச் செயலி நிறுவனம் ஆப்பிளிடம் தனி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கியிருக்கிறதா என்று முகவரைக் கேளுங்கள். அவர் பகலில், திரை எரியும் போனில் காட்டும் டெமோவைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். சைலன்ட்டில் போட்டு, சார்ஜரில் மாட்டாமல், இரவெல்லாம் மேசையில் கிடந்த போனுக்கு விடிகாலையில் அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தத் திரையில் பச்சையாகக் காட்டும் 'சென்றடைந்தது'. பல செயலிகளில் அதற்கு அறிவிப்பு சர்வர் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். போன் ஒலித்ததா, ஆள் பார்த்தாரா என்பது வேறு. 'வருகிறேன்' என்று ஆள் அழுத்திய நேரம் தனியாகப் பதிவாக வேண்டும், குறித்த நேரத்துக்குள் போதுமான பேர் அழுத்தாவிட்டால் தானாகவே எஸ்எம்எஸ்ஸும் குரல் அழைப்பும் போக வேண்டும். இது இல்லாத செயலியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், மொபைல் நெட்வொர்க்கில் மீட்புப் பணிக்கான குரல் தொடர்புக்கு 2016-லேயே உலகத் தரம் எழுதியாகிவிட்டது, டேட்டாவுக்கும் வீடியோவுக்கும் 2017-இல். அந்தத் தரத்தில் உள்ள சேவையைக் கேட்டால் சிறு குழுக்களுக்கு 'இன்னும் வரவில்லை' என்ற பதில்தான் கிடைக்கிறது; கையில் திணிக்கப்படுவதோ உணவு ஆர்டர் செய்தி வரும் அதே பாதையில் ஓடும் ஒரு செயலி. பிரிட்டன் தன் அவசர சேவைகளின் பழைய ரேடியோவை 2019 இறுதிக்குள் மூடிவிடுவதாகத் திட்டமிட்டது. அந்தத் தேதி தள்ளித் தள்ளிப் போய், அதன் பிறகும் பல ஆண்டுகள் பழையதே ஓடியது. ஒரு நாடே அவசரப்பட்டு நிறுத்த முடியாததை உங்களை மட்டும் ஒரே கையெழுத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள்.

டவருக்கே மின்சாரம் போனால் எந்த முன்னுரிமையும் இல்லை. 2017-இல் மரியா புயல் அடித்தபோது போர்ட்டோ ரிக்கோவில் 90 சதவீதத்துக்கும் மேலான டவர்கள் செயலிழந்தன. பேஜர் ஒலிபரப்பு நிலையத்துக்கும் மின்சாரம் வேண்டும்தான், ஆனால் இரண்டும் வெவ்வேறு கம்பத்தில் வெவ்வேறு பேட்டரியில் இருந்தால் ஒன்றாவது மிஞ்ச வாய்ப்பு உண்டு. இரண்டும் ஒரே கம்பத்தில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எஸ்எம்எஸ் அனுப்பும்போது தமிழில் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான் கொள்ளும், கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் போகும், ஒரு துண்டு தாமதமானால் முழுச் செய்தியும் தாமதமாகலாம். என்ன, எங்கே என்பதை முதல் வரியில் வையுங்கள். வணக்கமும் குழுவின் பெயரும் வேண்டாம்.