டம்ளர் வைக்கிற விதத்திலேயே கோபம் தெரியுமா?

கேள்வி: காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன், அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. "இப்ப என்ன கோபம்?" என்கிறாள் மனைவி. ஹாலில் லைட்கூடப் போடவில்லை, முகம் எங்கே தெரிந்தது? எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: வைத்தீர்களா, ணங்கென்று வைத்தீர்களா? விஷயமே அதில்தான் இருக்கிறது. கை எந்த வேகத்தில் போனது, எவ்வளவு அழுத்தம், எங்கே வெடுக்கென்று நின்றது, இதையெல்லாம் எதிரில் இருப்பவர் தன்னை அறியாமலே பிடித்துக்கொள்வார். முகம் வேண்டியதில்லை. 1973-ல் ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் யோஹான்சன், ஆட்களின் மூட்டுகள் மட்டும் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும்படி படம் பிடித்துக் காட்டினார். அசையாமல் இருந்தவரை வெறும் புள்ளிகள். நகர ஆரம்பித்ததுமே, அட ஆள் நடக்கிறான் என்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்புறம் 2001-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர் ஃபிராங்க் பொலிக் குழுவினர் அதே பாணியில், கதவு தட்டுவது, எதையாவது எடுத்துக் குடிப்பது என்று சாதாரண வேலைகளை வெவ்வேறு மனநிலையில் செய்யவைத்து, கையசைவைப் புள்ளிகளாக மட்டும் காட்டினார்கள். உணர்ச்சியை ஓரளவு சரியாகவே ஊகித்தார்கள் பார்த்தவர்கள். (குடிக்கிற கைக்கே இந்தக் கதி என்றால் உங்கள் டம்ளர் எம்மாத்திரம்!)

ஆனால் ஒன்று. கை விறுவிறுவென்று போனால் உள்ளே சூடு ஏறியிருக்கிறது, இழுத்து இழுத்துப் போனால் மனசு தளர்ந்திருக்கிறது, வேகம் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான். அந்தச் சூடு கோபமா குஷியா என்று அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. உங்கள் மனைவி சொல்லிவிடுகிறார் என்றால், நீங்கள் தினமும் டம்ளர் வைக்கிற அழகை அவர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்! இனிமேல் 'கோபமே இல்லையே' என்று சாதிப்பதைவிட, எதனால் கோபம் என்று சொல்லிவிடுங்கள், சீக்கிரம் முடியும்.

கேள்வி: கார்ட்டூனில் கண், மூக்கு இல்லாத சாமான்கூட அழுகிறதே?
- வாசகி, மதுரை

பதில்: அனிமேஷன் படிக்கப் போனால் ஆரம்பத்திலேயே பாதி நிரம்பிய மாவு மூட்டையை வரையச் சொல்வார்கள், டிஸ்னி காலத்துப் பழைய பயிற்சி அது. கண்ணும் வாயும் கிடையாது. மேல் மூலைகள் தொங்கி, நடுவில் மடிந்து, கீழ் மூலைகளைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தால் சோகம். நிமிர்ந்து ஒரு துள்ளு துள்ளினால் குஷி. அது வந்த பிறகுதான் மனித முகம் வரையவே கற்றுத்தர வேண்டும் என்பேன் நான்.