பீட்டில்ஸும் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியும்

கேள்வி: ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகன், "பீட்டில்ஸ் மாதிரி ஆட்கள் மனதில் பட்டதை எழுதிப் பாடினார்கள். இங்கே மெட்டைக் கொடுத்து வார்த்தையை நிரப்பச் சொல்கிறார்கள். அதனால்தான் தமிழில் ஆல்பம் என்று ஒன்று வரவே இல்லை" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு தந்தை, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: தம்பி ஒரே மூச்சில் மூன்று தீர்ப்பு எழுதிவிட்டார். முதல் இரண்டும் நிற்காது. மூன்றாவது நொண்டுகிறது.

இங்கிலாந்துப் பாட்டுக் குழுவான பீட்டில்ஸின் முதல் எல்.பி. (முழு நீள இசைத்தட்டு) வந்தது 1963-ல். அதிலிருந்த 14 பாட்டுகளில் ஆறு மற்றவர்கள் எழுதியவை. சிங்கிள் என்கிற சின்னத் தட்டு நன்றாக விற்றதும் சூட்டோடு சூடாக ஒரு முழுத் தட்டு போட்டுவிட வேண்டும் என்று கம்பெனிக்கு அவசரம். பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். குழுவில் பாடுகிற ஜான் லெனனுக்கு அன்று சரியான சளி. தொண்டை கிழியக் கத்த வேண்டிய பாட்டைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். அதைப் பாடினால் பிறகு குரல் மிஞ்சாது என்பதுதான் காரணம். இதில் மனதில் பட்டதற்கு எங்கே நேரம்?

அடுத்து மெட்டு. 1965-ல் வந்த 'யெஸ்டர்டே' பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒருநாள் தூங்கி எழுந்தபோது அதே குழுவின் பால் மெக்கார்ட்னியிடம் மெட்டு இருந்தது, வார்த்தை இல்லை. மெட்டு நழுவிவிடாமலிருக்க 'ஸ்க்ராம்பிள்ட் எக்ஸ்' என்று பாடிவைத்துக்கொண்டார். ஆமாம், முட்டைப் பொடிமாஸ்! நம் இசையமைப்பாளர் 'தானன தானன' என்று தத்தகாரம் போட்டுக் கொடுக்கிறாரே, அதே வேலைதான். சரியான வரிகள் அமைய வெகுநாள் ஆயிற்று. நேர் எதிராக எல்டன் ஜானும் பெர்னி டாபினும். 1967-ல் ஒரு பத்திரிகை விளம்பரத்தால் சேர்ந்தவர்கள். டாபின் வார்த்தையை எழுதிக் கொடுத்துவிடுவார், எல்டன் ஜான் அதற்கு மெட்டுப் போடுவார். அங்கேயும் இரண்டு வழிகளும் உண்டு.

மெட்டுக்கு எழுதுவதை 'நிரப்புவது' என்று சொல்கிறவர்கள் ஒருமுறை உட்கார்ந்து எழுதிப் பார்க்கட்டும். மெட்டு சட்டென்று தாவும் இடத்தில் நெடில் விழுந்தால் வார்த்தை நசுங்கும். மெட்டு நீளும் இடத்தில் குறில் நின்றால் பாடகர் அதை இழுத்து அர்த்தத்தைக் கெடுப்பார். இத்தனை கட்டுக்குள்ளும் நாலு பேர் பேசுகிற மாதிரி ஒரு வாக்கியம் வர வேண்டும். கண்ணதாசனுக்கு அது கைவந்தது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வளைவைத் தாண்டித்தானே தம்பி பள்ளிக்கூடம் போகிறார்? இளவயதில் கண்ணதாசன் வேலை பார்த்த இடம் அது.

இனி ஆல்பம். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்பதை, பாடினவர்களே யோசித்து வைப்பதுதான் ஆல்பம். 1973-ல் பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்துக் குழு போட்ட 'டார்க் சைட் ஆஃப் த மூன்' அதற்கு நல்ல உதாரணம். முதல் பக்கம் முடியும்போது கிளேர் டோரி என்ற பெண் பாடுகிறார். ஒரு வார்த்தைகூடக் கிடையாது, வெறும் குரல். கதறுகிறார், கெஞ்சுகிறார், ஓய்கிறார். அன்று அவருக்குக் கொடுத்த கூலி 30 பவுண்டு. 2004-ல் வழக்குப் போட்டார், அடுத்த வருடம் சமரசமாயிற்று. இப்போது அந்தப் பாட்டை ஆக்கியவர்களில் அவர் பெயரும் இருக்கிறது. (வார்த்தை எழுதுகிறவர்தான் பாட்டாசிரியர் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க.) அந்தக் குரல் அடங்கியதும் முள்ளை எடுத்துத் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். மறுபக்கத்தில் முதலில் கேட்பது சில்லறை குலுங்கும் ஓசை, கல்லாப்பெட்டிச் சத்தம். சாவை நினைத்து அழுத அழுகைக்குப் பின்னால் கல்லாப்பெட்டி! அப்படி வைக்கத்தான் ஆள் வேண்டும்.

சினிமாவில் அந்த அதிகாரம் இசையமைப்பாளருக்கும் இல்லை, கவிஞருக்கும் இல்லை. காட்சி எங்கே வருகிறதோ அங்கே பாட்டு. போதாக்குறைக்கு எண்பதுகளில் ரெக்கார்டிங் சென்டர்கள் வந்தன. நோட்டுத்தாளில் பிடித்த பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் 60 நிமிட கேசட்டில் போட்டுத் தருவார்கள். மிச்சமிருக்கும் நாலு நிமிடத்தில் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒன்றை நுழைப்பார். நம் வீடுகளில் பாட்டு வரிசையை முடிவு செய்த மகானுபாவர் அவர்தான். ஆல்பம் குறைந்ததற்கு மெட்டின்மேல் பழி போடுவது அநியாயம்.

குறைவு என்றேன், இல்லை என்று சொல்லவில்லை. கண்ணதாசன் எழுதி எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்த 'கிருஷ்ண கானம்' எந்தப் படத்துக்காகவும் வந்ததல்ல. ஒரே கவிஞர், ஒரே இசையமைப்பாளர், ஒரே பொருள், பல குரல்கள். புரட்டாசி சனிக்கிழமை பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் போடுகிறார்களே, அதுதான். லண்டனில் பதிவாகியிருந்தால் தம்பி அதற்குக் 'கான்செப்ட் ஆல்பம்' என்று பெயர் வைத்திருப்பார். வார்த்தையே வேண்டாம் என்றால் 1986-ல் இளையராஜா போட்ட 'ஹவ் டு நேம் இட்' இருக்கிறது.

அடுத்த விடுமுறைக்கு அவர் மலை இறங்கும்போது போனில் பாட்டு வரிசையைக் கலைக்கிற ஷஃபிளை அணைத்துவிட்டு, பிங்க் ஃபிளாய்டை வரிசை மாறாமல் கேட்கச் சொல்லுங்கள். 43 நிமிடம்தான், சேலம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கிருஷ்ண கானத்தையும் அப்படியே கேட்கட்டும். அதற்கப்புறமும் சண்டை பாக்கியிருந்தால் அப்பாவைத் தூது விடாமல் அவரே எழுதட்டும்.