வாசகர் கேள்வி: கொரியாவில் தனியாகச் சாப்பிடப் போனால்…

கேள்வி: வேலை விஷயமாக 2 மாதம் சியோலில் தங்கப்போகிறேன். குடும்பமாக நடத்தும் சின்ன உணவகங்களில் தனி ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாமே? (வாசகி, திருச்சி)

பதில்: மேசையிலேயே இறைச்சி சுடும் கடைகளில்தான் பெரும்பாலும் அந்தச் சிக்கல். அங்கே குறைந்தது 2 பேர் அளவு வாங்க வேண்டும். ஒருவருக்காக அடுப்பு மூட்டி, கூடவே தரும் தொட்டுக்கைகளையும் பரப்பினால் கடைக்குக் கட்டாது. விலைப்பலகையில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் 2 என்று போட்டிருந்தால் அதுதான் அர்த்தம். அந்த 2 பங்கையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றால் பல கடைகளில் சம்மதிப்பார்கள்.

கவலையில்லாமல் நுழைய வேண்டியது குக்பாப் (சூப்பில் போட்ட சோறு), சுண்டுபு ஜிகே (மென்மையான டோஃபு போட்ட காரக் குழம்பு), பிபிம்பாப் (காய்கள் பரப்பிய, கலந்து சாப்பிடும் சோறு) போடும் கடைகளில். எல்லாமே ஆளுக்கொரு சட்டி. பகல் 12 முதல் 1 வரை அலுவலகக் கூட்டம் நெரியும். ஒன்றரைக்குப் போனால் உபசரிப்பே வேறு. 3 முதல் 5 வரை பல கடைகள் அடைத்திருக்கும். வாசலில் ஒரு விரல் காட்டி "ஹன் ம்யொங்" (ஒருவர்) என்றால் போதும்.

உட்கார்ந்ததும் கரண்டி எங்கே என்று தேடாதீர்கள். பல கடைகளில் மேசையின் பக்கவாட்டில் இழுப்பறை இருக்கும், அதில் பாருங்கள். தண்ணீரைப் பல இடங்களில் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். தொட்டுக்கை தீர்ந்தால் கிண்ணத்தைக் காட்டி "தோ ஜுசேயோ" (இன்னும் கொடுங்கள்) என்று கேளுங்கள், பெரும்பாலும் காசில்லை. மீதம் வைப்பதுதான் அவர்களுக்குப் பிடிக்காது. பணம் வாசல் கல்லாவில்; டிப்ஸ் வேண்டாம்.

கேள்வி: நான் சைவம். பிபிம்பாப் சாப்பிடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: கேட்டு வாங்கினால். மேலே கொத்திய மாட்டிறைச்சி வைப்பது வழக்கம். "கோகி ப்பே ஜுசேயோ" (இறைச்சி இல்லாமல் கொடுங்கள்) என்றால் எடுத்துவிடுவார்கள். முட்டையும் வேண்டாமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கூட வரும் சூப்பில் நெத்திலிச் சாறும், கிம்சியில் (புளிக்கவைத்த காரமான முட்டைக்கோஸ்) உப்பிட்ட இறாலோ மீன் சாறோ இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. கோச்சுஜாங் என்ற மிளகாய் விழுதை மொத்தமாகக் கொட்டினால் காய்களின் ருசியே போய்விடும். ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். கல்சட்டியில் வந்தால் விளிம்பைத் தொடாதீர்கள், சுட்டுவிடும். அடியில் கொஞ்சம் சோற்றைக் கிளறாமல் விட்டால் முறுகி வரும், அதை விடாதீர்கள்.

முழுச் சைவம்தான் வேண்டுமென்றால் சியோலின் ஜோகியேசா புத்த கோயில் பக்கம் துறவியர் முறைச் சமையல் கிடைக்கும். அதில் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. விலை மட்டும் கூடுதல்.