வேலை வெற்றிடம் இருக்கிறது என்றால் வகுப்புத் தொடங்கலாமா?

கேள்வி: சுன்னாகத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் படிப்பிக்கிறேன். கணினி வகுப்புக்குப் பிள்ளைகள் நிறையச் சேருகிறார்கள், ஆனால் முடித்த பிறகு பலர் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். அடுத்த வருடக் கற்கைநெறிகளைத் தொழிற்சந்தைத் தரவுகளைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது நிர்வாகம். எதைப் பார்ப்பது?

பதில்: தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் தொழிற்படை மதிப்பீட்டில் தொடங்குங்கள். உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடம், அதிலும் பெண்களிடம், வேலையின்மை கூட என்று அது திரும்பத் திரும்பக் காட்டுகிறது. உங்கள் வகுப்பில் இருப்பவர்களும் அவர்கள்தானே? ஆனால் அது தெரிவுசெய்த சில வீடுகளில் மட்டும் எடுக்கும் மாதிரிக் கணக்கு. யாழ்ப்பாணத்தில் எத்தனை ஏசி மெக்கானிக் தேவை என்பதை அதில் தேடாதீர்கள்.

2017இல் அதே திணைக்களம் தனியார் துறை முதலாளிமாரிடமே கேட்டு ஓர் ஆய்வு செய்தது. அதிக வெற்றிடம் தையல் இயந்திர இயக்குநர்களுக்கு, அடுத்தது பாதுகாப்பு ஊழியர்களுக்கு. சரி, உடனே தையல் வகுப்புத் தொடங்கலாமா? அவசரப்படாதீர்கள். ஓர் இடம் வெறுமையாகக் கிடப்பது பயிற்சி பெற்ற ஆள் இல்லாததாலும் இருக்கலாம், அந்தச் சம்பளத்துக்கும் அந்த நேரத்துக்கும் யாரும் வரமாட்டார்கள் என்பதாலும் இருக்கலாம். இரண்டாவதை எந்தக் கற்கைநெறியாலும் திருத்த முடியாது. அதனால் ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் தொடக்கச் சம்பளம் என்ன, எத்தனை மாதமாக நிரப்பவில்லை, இரவு வேலை உண்டா, பின்னேரம் ஒரு பெண்பிள்ளை வீடு திரும்ப பஸ் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது உங்கள் அலுமாரியில் இருக்கும் பழைய பதிவேடுதான். கடந்த இரண்டு மூன்று வருடத்தில் முடித்த பிள்ளைகளுக்குப் போன் எடுங்கள்: இப்போது என்ன வேலை, என்ன சம்பளம், படித்ததில் எது உதவியது? பிறகு கராஜ், சோலர் பூட்டுபவர்கள், ஹோட்டல், அச்சுவேலி கைத்தொழிற்பேட்டை என்று நேரில் போங்கள். "எங்கள் வகுப்பு நல்லதா" என்று கேட்டால் எல்லோரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக யாரை எடுத்தீர்கள், வந்தவருக்கு நீங்கள் எதைப் பழக்க வேண்டியிருந்தது" என்று கேளுங்கள்.

கணினி வகுப்பை மூட வேண்டியதில்லை. கடைக் கணக்கும் ஸ்டொக் மென்பொருளும் கேட்கிறார்கள் என்றால் அதைச் சேருங்கள். புதிய நெறி என்றால் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) தரத்தில் நடத்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவும் அங்கீகாரமும், பழக்க ஆளும் கிடைக்குமா என்று முதலே பாருங்கள். இதெல்லாம் முடியும்வரை நிர்வாகத்தை இயந்திரம் ஒன்றும் வாங்க விடாதீர்கள்.