அம்மாவின் வளையல் பெட்டியிலேயே இருக்கட்டும்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 23. சொந்த ஊர் கோவில்பட்டி. பள்ளியிலும் கல்லூரியிலும் ஹாக்கி ஆடினேன். முழங்காலில் அடிபட்ட பிறகு ஸ்டிக்கை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தேன். இரண்டு வருடமாக மாவட்ட, மாநிலப் போட்டிகளைப் படம் எடுக்கிறேன். ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் கிடைத்தால் பெரிய விஷயம். கல்யாண ஆர்டரில்தான் வண்டி ஓடுகிறது. போன வாரம் வெளிநாட்டு விளையாட்டு இணையதளம் ஒன்று, மலேசியாவில் நடக்கும் ஹாக்கிப் போட்டியைப் படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டது. டிக்கெட்டும் தங்கும் செலவும் என்னுடையது. பணம் கிடையாது, படத்துக்குக் கீழே பெயர் போடுவார்களாம். வளையலை அடகு வைத்துத் தருகிறேன், போய் வா என்கிறார் அம்மா. ஸ்டூடியோ வைத்து உட்காரச் சொல்கிறார் அப்பா. நான் போகட்டுமா? – ம., கோவில்பட்டி

அன்புத் தங்கைக்கு,

இந்த அழைப்புக்குப் போக வேண்டாம். வெளிநாட்டு மைதானத்தில் ஒருநாள் நீங்கள் உட்காரத்தான் போகிறீர்கள். ஆனால் அது உங்கள் அம்மாவின் கை வளையலில் தொடங்கக் கூடாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கோலாலம்பூருக்குப் போகவர விமான டிக்கெட், அங்கிருந்து போட்டி நடக்கும் ஊருக்குப் பஸ், எட்டொன்பது நாள் அறை வாடகை, சாப்பாடு, பெரிய லென்ஸுக்கு வாடகை. எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அறுபதாயிரத்தைத் தொட்டுவிடும். அவ்வளவையும் நீங்கள் போட்டு, படத்தையும் நீங்கள் எடுத்துக் கொடுத்தால், அந்த இணையதளத்தின் பங்கு என்ன? பெயர் போடுவது எடுத்தவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை. அது சம்பளம் ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தியர்கள் இப்போது விசா இல்லாமல் மலேசியா போகலாம் என்பது சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கான சலுகை. வேலை செய்வதற்கு வேறு அனுமதி வேண்டும். மைதானத்துக்குள் போகப் போட்டி அமைப்பாளர்கள் தரும் அக்ரிடேஷன் அட்டையும் வேண்டும். அந்த அட்டை இல்லாவிட்டால் இரண்டு கேமராவோடு கேலரியில் உட்கார்ந்து, கம்பி வலைக்கு இந்தப் பக்கமிருந்து எடுக்க வேண்டியதுதான். எனவே அவர்களுக்கு மரியாதையாக ஒரு பதில் எழுதுங்கள். அக்ரிடேஷன் யார் பெயரில், யார் வாங்கித் தருவார்கள்? வேலை அனுமதிக்கு அழைப்புக் கடிதம் தருவார்களா? நாள் கூலி எவ்வளவு? பயணச் செலவை முன்பணமாகத் தருவார்களா? உண்மையாக ஆள் தேடுகிறவர்கள் பதில் போடுவார்கள். மற்றவர்கள் பேசாமல் போய்விடுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் உங்களுக்கு நல்லதுதான்.

இப்போது உங்கள் படங்களைப் பற்றிப் பேசுகிறேன். கடிதத்தோடு அனுப்பிய பன்னிரண்டில் ஒன்றை நான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெனால்டி கார்னர் படம், அதாவது தடுக்கும் அணியின் தவறுக்காக எதிரணிக்குக் கோல் அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு. மற்ற எல்லோரும் பந்தை அடிக்கிறவர் மேல்தான் ஃபோகஸ் வைப்பார்கள். நீங்கள் கோல் லைனிலிருந்து மாஸ்க் போட்டுக்கொண்டு ஓடி வருகிற முதல் ரஷ்ஷரை, அந்த அடியைத் தடுக்கப் பாய்ந்து வரும் வீராங்கனையை, எடுத்திருக்கிறீர்கள். பந்து தன் மேல் வரப்போகிறது என்று தெரிந்தே முழங்காலை மடக்கி ஓடுகிறாள் அந்தப் பெண். நனைந்த டர்ஃபிலிருந்து (செயற்கைப் புல்தரை) அவள் ஷூவுக்குப் பின்னால் தண்ணீர் தெறிக்கிறது, சாயங்கால வெயில் அந்தத் துளிகளில் நிற்கிறது. ஹாக்கி ஆடாத ஒருவருக்கு அங்கே கேமராவைத் திருப்பத் தோன்றியிருக்காது. முழங்கால் அடிபட்டாலும் ஆட்டம் உங்கள் கண்ணில் மிச்சமிருக்கிறது. இந்தத் தொழிலில் உங்கள் மூலதனம் அதுதான். அதை லென்ஸ் போல வாடகைக்கு வாங்க முடியாது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட படம் நினைவிருக்கிறதா? பிரேசிலின் சர்ஃபிங் வீரர் கேப்ரியல் மெடினா ஒரு விரலை வானத்துக்கு உயர்த்தி அந்தரத்தில் நிற்பார். பக்கத்தில் அவருடைய பலகையும் அதேபோல் நெட்டுக்குத்தாக நிற்கும். எடுத்தவர் ஜெரோம் ப்ரூயே, ஏஎஃப்பி செய்தி நிறுவனத்துக்காக. அதை எடுக்க அவர் பாரிஸுக்கே போகவில்லை. சர்ஃபிங் போட்டி மட்டும் பாரிஸிலிருந்து 15,000 கி.மீ.க்கும் அப்பால் தஹிதித் தீவின் தியாஹூபோ கடலில் நடந்தது. அவர் அந்தத் தீவிலேயே வாழ்பவர், அந்த அலையை வருடக்கணக்காகப் படம் எடுத்தவர். அலையிலிருந்து வெளியேறும் வீரர்கள் சில சமயம் மேலே எம்பிக் கொண்டாடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். படகில் காத்திருந்தார். மெடினா எம்பிய அந்த நொடியில் அவர் எடுத்தது நான்கு ஃபிரேம். அதில் ஒன்றுதான் அந்தப் படம்.

கோவில்பட்டி உங்களுடைய தியாஹூபோ. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கோடையில் கிருஷ்ணா நகர் டர்ஃபில் நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு நாடு முழுவதிலிருந்தும் அணிகள் வருகின்றன. உலகமும் பக்கத்தில் வரத் தொடங்கிவிட்டது. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட், 2023-இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கி, 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் 24 அணிகள் ஆடிய ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி. மதுரை உங்களுக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வருகிற எல்லா அணியும் சொந்தப் போட்டோகிராபரைக் கூட்டிவருவதில்லை. அடுத்த முறை இப்படி ஒரு போட்டி அறிவித்ததும், வரும் நாடுகளின் ஹாக்கி சங்கங்களுக்கு இரண்டு மாதம் முன்பே எழுதுங்கள்: "நான் இந்த ஊர்க்காரி, ஹாக்கி ஆடியவள், உங்கள் அணியின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இத்தனை படம், இன்ன விலை." பத்துப் பேரில் ஒருவர் பதில் போட்டால் போதும். வெளிநாட்டு வேலைக்கு வாசல் அப்படித்தான் திறக்கும். பாஸ்போர்ட் அதற்குப் பிறகு.

ஆனால் படம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சர்வதேச ஹாக்கிப் போட்டிகளில் பாதி ஆட்ட இடைவெளி 10 நிமிடம். அதற்குள் நான்கு படமாவது அனுப்பப் பழகுங்கள். ஒவ்வொன்றிலும் வீராங்கனையின் பெயர், அணி, எதிரணி, ஊர், தேதி எல்லாம் ஆங்கிலக் கேப்ஷனில் சரியாக இருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து தப்பினால் அந்த எடிட்டர் அடுத்த முறை உங்களைக் கூப்பிட மாட்டார். நான் ஆட்டத்துக்கு முன்பே இரண்டு அணிகளின் ஜெர்சி எண்ணையும் பெயரையும் ஒரு தாளில் எழுதி, பையின் உள்பக்கம் ஒட்டி வைத்துவிடுவேன்.

உரிமை விஷயத்தில் நான் பட்டது நீங்கள் பட வேண்டாம். ஆரம்ப காலத்தில் ஒரு நிறுவனம் "பெயர் போடுகிறோம்" என்று வாங்கிய என் கபடிப் படம், அடுத்த வருடம் பஸ் ஸ்டாண்டு எதிரில் விளம்பரப் பலகையாக நின்றது. பெயரும் இல்லை, பைசாவும் இல்லை. எழுத்தில் ஒன்றும் வாங்காததால் அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் 17-ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அவரே முதல் உரிமையாளர். அதனால் 1,500 ரூபாய் வேலையானாலும் போவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, "உரிமை என்னிடமே இருக்கும், இந்தப் போட்டிச் செய்திக்கு மட்டும் பயன்படுத்தலாம், விளம்பரத்துக்குத் தனிக் கட்டணம்" என்பதற்குச் சம்மதம் வாங்கிவிடுங்கள். சிறு தொழில் செய்பவர்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். பதிவு இருந்தால், இங்குள்ள நிறுவனங்கள் உங்கள் பணத்தை 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கச் சட்டத்தில் இடமில்லை. தாமதித்தால் வட்டியும் தர வேண்டும்.

நாளை நிஜமாகவே பயணம் வரும்போது, கிளம்பும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் கேமரா, லென்ஸ் எண்களைக் காட்டி, இவை இங்கிருந்தே கொண்டுபோனவை என்பதற்கு ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். என் முதல் பயணத்தில் எனக்கு இது தெரியாது. திரும்பி வந்தபோது 70–200 லென்ஸுக்குப் பில் எங்கே என்றார்கள். பில் வீட்டு பீரோவில். தரையில் உட்கார்ந்து பையை முழுக்கப் பிரித்து வைத்துக்கொண்டு, தம்பியை எழுப்பிப் பில்லைத் தேட வைத்து, போனில் ஒவ்வொரு எண்ணாகப் படிக்கச் சொல்லி, வெளியே வர மூன்று மணி நேரம் ஆனது. இன்னொன்று: உபரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துப்போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

அப்பா சொல்லும் ஸ்டூடியோவைத் தள்ளிவிடாதீர்கள். முகூர்த்த மாதங்களில் கல்யாணம் எடுங்கள், போட்டிக் காலத்துக்குத் தேதிகளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். நானும் எட்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். கல்யாணப் பணத்தில்தான் என் முதல் 300 மி.மீ. லென்ஸ் வந்தது. அம்மாவிடம், வளையல் இப்போது வேண்டாம், எனக்கு ஒரு வருடம் கொடுங்கள் என்று சொல்லுங்கள். அடகு வைக்கவே துணிந்த அம்மா, அந்த ஒரு வருடத்தைத் தராமலா போவார்?

அந்த ரஷ்ஷர் பெண்ணின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அவரிடமும் வீட்டாரிடமும் அனுமதி கேட்டு, பெயரோடு அந்தப் படத்தை எனக்கு மீண்டும் அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு எடிட்டர்களுக்கு அதைக் காட்ட வேண்டும்.