நடிகர் கை காட்டினால் கடலோர மக்கள் ஓட்டுப் போட்டுவிடுவார்களா?

"படித்த நகரத்து ஆட்களை விடுங்கள், கடலோரக் கிராமங்களில் நடிகர் யாரைக் கை காட்டுகிறாரோ அவருக்கே ஓட்டு விழுகிறதே, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு தேர்தல் சமயத்தில் டிவியில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வேன் மேலே நடிகர், கீழே கைலியும் தலைத்துண்டுமாக நாங்கள். கேமராவை அந்தக் கோணத்தில் வைத்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கொஞ்சம் கோபத்தில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் உள்ள ஊர்க்காரன். ஒரு நடிகரின் மன்றத்தில் ஆறு வருஷம் கிளைச் செயலாளராக இருந்தவன். ரிலீஸ் அன்று கட்அவுட்டுக்குப் பால் ஊற்றியிருக்கிறேன், மறைக்கவில்லை. நான் எந்தக் கட்சியிலும் இல்லை, இப்போது மன்றத்திலும் இல்லை. யாரையும் மட்டம் தட்ட இதை எழுதவில்லை.

உங்களுக்குச் சாதகமானதை முதலில் நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது கீழே வந்து எழுதுவார்கள். 2009 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் ஜெயித்தவர் நடிகர் ரித்தீஷ். 2016-ல் திருவாடானையில் சட்டமன்ற உறுப்பினர் ஆனவர் நடிகர் கருணாஸ். சரி. ஆனால் ஒருவர் நின்றது உதயசூரியனில், இன்னொருவர் நின்றது இரட்டை இலையில். அந்தச் சின்னங்களை எடுத்துவிட்டு, அதே முகத்தோடு சுயேச்சையாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன் 2018 பிப்ரவரி 21 அன்று ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் வீட்டில் இருந்துதான் அரசியல் பயணத்தைத் தொடங்கினார். பெரிய கூட்டம், நானும் போயிருந்தேன். அடுத்த வருஷம் மக்களவைத் தேர்தலில் இந்தத் தொகுதி போனது திமுக கூட்டணியில் ஏணிச் சின்னத்துக்கு. சிவாஜியை விடவா பெரிய நடிகர் வேண்டும்? 1989-ல் திருவையாறு அவரைத் தோற்கடித்தது. திருவையாறு கடலோரமும் இல்லை.

எம்ஜிஆர் கதை வேறு என்பீர்கள். வேறுதான். எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், எம்ஜிஆர் பைத்தியம். 1964-ல் வந்த படகோட்டியை டூரிங் கொட்டகையில் எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தடவை அந்தப் பேச்சு எடுத்தாலும் ஒன்று சொல்வார்: "துடுப்ப அப்படிப் புடிச்சா வள்ளம் நின்ன எடத்துலயேதான்டா சுத்தும்." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அந்த மனிதருக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியாது என்று தெரிந்தே அவர் மேல் உயிரை வைத்திருந்தார். ஓட்டு எதுக்குப் போட்டீங்க என்று கேட்டால் ஒரு நாள் 1982-ல் சத்துணவு வந்ததைச் சொல்வார், எங்கள் சித்தப்பா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனதே அதற்கு அப்புறம்தான் என்பார். இன்னொரு நாள், "அந்தச் சிரிப்பு ஒண்ணு போதாதா" என்பார். இரண்டில் எது உண்மை என்று நான் பிரித்துப் பார்க்கப் போனதில்லை.

இப்போது என் கதை. எந்த வருஷம் என்று சொன்னால் யார் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. ஒரு சட்டமன்றத் தேர்தல், மே மாதம். எங்கள் நடிகர் ஒரு வேட்பாளருக்காகப் பிரச்சாரத்துக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. கூட்டம் சேர்ப்பது பெரிய வேலையே இல்லை. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், ஆண்பிள்ளைகள் எல்லாம் வலை பின்னிக்கொண்டு ஊரில்தான் இருப்பார்கள். அந்த நேரத்தில் யானை வந்தாலும் அந்தக் கூட்டம் வரும். டிவியில் "கட்டுக்கடங்காத மக்கள் வெள்ளம்" என்பார்கள். எங்களுக்கு அன்று வேறு வேலை இல்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் எங்கள் சித்தப்பா யாழ்ப்பாணம் சிறையில் இருந்தார். மார்ச்சில் கச்சத்தீவுக்குப் பக்கத்தில் இலங்கை நேவி படகோடு பிடித்துக்கொண்டு போயிருந்தது. சித்தி ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். முழு வெள்ளைத்தாளில் நான்தான் எழுதினேன்: படகின் பதிவு எண், பிடித்த தேதி, இரண்டு பிள்ளைகள், வட்டிக் கடன். கீழே "இப்படிக்கு" என்று போட்டு சித்தி மெதுவாக எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் அதை வைத்துக்கொண்டு, "அவரு ஒரு வார்த்த சொன்னா டெல்லி வரைக்கும் போகுமாமேப்பா" என்றார். நான் செயலாளர் ஆயிற்றே. "நான் கொடுக்க வைக்கிறேன் சித்தி" என்று சொல்லிவிட்டேன்.

நாலு மணிக்கு என்றார்கள், ஒன்பது மணிக்கு வந்தார். அதில் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் அன்று ஏழெட்டு ஊர். வேன் எங்கள் முக்குக்கு வந்ததும் பையன்கள் தோளில் ஏறி ஒரு சால்வையைப் போட்டோம். சித்தியைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தேன். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று சித்தி உறையில் இருந்து தாளை வெளியே எடுத்து நீட்டினார். அவர் குனிந்து வாங்கினார். சிரித்தார். பாக்கெட்டில் இருந்து பேனா எடுத்து, "இப்படிக்கு" என்பதற்குக் கீழே, சித்தியின் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே ஆட்டோகிராஃப் போட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேன் நகர்ந்துவிட்டது.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த இருட்டில், அந்தச் சத்தத்தில், நீட்டுகிற எல்லாத் தாளும் ஆட்டோகிராஃப் தாளாகத்தான் தெரியும். ஆனால் நான் சித்தி முகத்தைப் பார்க்காமல் கூட்டத்துக்குள் போய்விட்டேன்.

இதற்கு மேல்தான் வேடிக்கை. வேறு தாளில் எழுதித் தருகிறேன் என்று சொல்லியும் கேட்காமல் சித்தி அதே மனுவை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். அதற்கு முன்னால் மூன்று தடவை போய் வாசலில் நின்றுவிட்டு வந்த இடம். அங்கே இருந்தவர் தாளை வாங்கிப் பார்த்தார், "இது யாரு கையெழுத்து?" என்றார். சொன்னதும் எழுந்து சித்திக்கு நாற்காலி போட்டார். உள்ளே இருந்து நாலு பேர் வந்து பார்த்தார்கள், ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். டீ கூட வாங்கிக் கொடுத்தார்களாம். அப்புறம், "திங்கக்கிழமை வாங்கம்மா" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் கேட்கிற பிரபலங்களின் செல்வாக்கு என்பதை நான் கண்ணால் பார்த்தது அந்த நாற்காலியில்தான்.

ஓட்டு? சித்தி எங்கள் ஆளுக்குப் போடவில்லை. எதிர்க்கட்சி வார்டுக்காரர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் தனக்குத் தெரிந்தவர் மூலமாக சித்தப்பாவிடம் மூன்று நிமிஷம் போன் பேச ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். "மாடில கெடக்குற வலைய தார்ப்பாய் போட்டு மூடுனியா" என்றுதான் சித்தப்பா முதலில் கேட்டாராம். அதை ஒரு வாரம் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார் சித்தி. மன்றத்தில் எங்கள் பையன்கள் வீடுகளிலும் கிட்டத்தட்ட இதேதான்: யார் கல்யாணத்துக்கு வந்தார், யார் ஆஸ்பத்திரிக்கு வண்டி அனுப்பினார், எந்தக் கட்சி யாரோடு சேர்ந்திருக்கிறது. எண்ணி முடித்தபோது எங்கள் பூத்தில் எங்கள் வேட்பாளர் இரண்டாவது இடம். சித்தப்பா சில மாதம் கழித்து மற்றவர்களோடு விடுதலையாகி வந்தார். படகு வரவில்லை.

அப்போ சினிமாக்காரர்களால் ஒன்றுமே நடக்காதா என்றால் அப்படியும் சொல்ல மாட்டேன். 2008 அக்டோபரில் ஈழத் தமிழர்களுக்காக பாரதிராஜா தலைமையில் திரையுலகமே ராமேஸ்வரத்துக்கு வந்தது. அன்று பேசியதற்காக சீமானும் அமீரும் சில நாளில் கைதானார்கள். நான் காலேஜ் முதல் வருஷம், நடிகர்களைப் பார்க்கத்தான் போனேன். மண்டபம் முகாமில் அகதிகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அவர்கள் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. ஆனால் அதுவரை எங்கள் பக்கம் திரும்பாத கேமராக்கள் அன்று திரும்பின. அவர்கள் ரயில் ஏறியதும் கேமராக்களும் ஏறிவிட்டன என்பது வேறு விஷயம்.

கேமரா என்றதும் ஒன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்ததில் இருந்து பாம்பன் ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி வீடியோ எடுக்கிற கூட்டம் இன்னும் அதிகமாகிவிட்டது. மீன் ஏற்றிய வண்டி பின்னால் நிற்கும், ஐஸ் கரைந்து ரோட்டில் ஒழுகும், இவர்கள் ரயில் வருகிற வரைக்கும் நகர மாட்டார்கள். ரயில் பாலம் அங்கேயேதான் இருக்கும், ஓடிப்போகாது. இறங்கி கீழே கரையில் நின்று எடுங்களேன். இதைப் படிக்கிறவர்களில் ஒருவராவது கேட்டால் சரி.

நடிகர் பெயரைக் கேட்டு யாரும் மெசேஜ் அனுப்ப வேண்டாம். சித்தியிடம் கேட்டாலும் சொல்ல மாட்டார். இப்போதும் அவர் படம் டிவியில் ஓடினால் சேனலை மாற்ற விடுவதில்லை.