டாலர் ஏறியும் ஐடி பங்கு இறங்குவது ஏன்?

டாலர் ஏறினால் ஐடி கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம் என்றார்கள். 2022-ல் டாலர் ஏறியது, என் பங்குகள் இறங்கின. எப்படி?
- தேயிலை விவசாயி, கோத்தகிரி

சொன்னது பொய்யில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். ஐடி கம்பெனிக்கு வரவு பெரும்பாலும் டாலரில், சம்பளம் பெரும்பாலும் ரூபாயில். 100 டாலர் வரவு, டாலர் 80 ரூபாய் என்று வையுங்கள். 8,000-ல் செலவு 6,000 போக லாபம் 2,000. டாலர் 84 ஆனால் லாபம் 2,400. டாலர் 5 சதவீதம் ஏற, லாபம் 20 சதவீதம் ஏறிவிட்டது! காகிதத்தில் அப்படி. நிஜத்தில் அமெரிக்காவில் இருக்கும் ஆட்களுக்கு டாலரில்தான் சம்பளம். வரப்போகும் டாலரில் ஒரு பகுதியையும் முன்கூட்டியே விலை பேசி முடித்திருப்பார்கள்.

அந்த வருடம் டாலர் ஏன் ஏறியது என்பதையும் பாருங்கள். அமெரிக்க மத்திய வங்கி மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கியது. டாலரை ஏற்றிய அதே வட்டிதான் பங்குகளையும் அமுக்கியது. 74 ரூபாய் சொச்சத்தில் இருந்த டாலர் 82-ஐத் தாண்டியது. நம் பெரிய ஐடி பங்குகளின் போக்கைக் காட்டும் நிஃப்டி ஐடி குறியீடு கால்வாசி கரைந்தது. வட்டி ஏறினால் ஐடி வேலை கொடுக்கும் அமெரிக்கக் கம்பெனிகள் செலவு செய்யத் தயங்கும் என்ற பயம் வேறு. வெளியூர் வியாபாரி வாங்கத் தயங்கினால், டாலர் என்ன விலை விற்றாலும் குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் தேங்கும். உங்களுக்குத் தெரியாததா?

கம்பெனி லாபம் குறையவில்லை. பங்கு விலை மட்டும் மூன்றில் ஒரு பாகம் போய்விட்டது. இது நியாயமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, குன்னூர்

பங்குக்கு 50 ரூபாய் லாபம். சந்தை அதற்கு 30 மடங்கு கொடுத்தால் விலை 1,500. அப்புறம் மனசு மாறி 20 மடங்கு போதும் என்றால் 1,000. லாபம் அதே 50 தான், டீச்சர்.

எல்லாம் பயம் என்றும் தள்ளிவிட முடியாது. பத்து வருடம் கழித்து வரும் 100 ரூபாய்க்கு, 6 சதவீத வட்டியில் இன்றைய மதிப்பு 56 ரூபாய். 10 சதவீதத்தில் 39 தான். டெக் பங்குகளுக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இனிமேல் வரப்போகும் லாபத்துக்கு. அதனால் அடி அங்கேதான் பலமாக விழும். 2021 கடைசியில் எல்லோரும் வாங்குகிறார்களே என்று நானும் ஒன்றை வாங்கி வைத்தேன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது வாங்கிய பிறகு.

இரவு நியூயார்க்கில் இன்ஃபோசிஸ் இறங்கினால் காலையில் இங்கேயும் இறங்குமா?
- கல்லூரி மாணவர், ஊட்டி

பெரும்பாலும். இங்குள்ள பங்கின் பேரில் கொடுத்த ரசீதுதான் அங்கே பங்குபோல் கைமாறுகிறது. அதற்காக உறைபனியில் ஐந்து மணிக்கு எழுந்து போனைப் பார்க்காதீர்கள். இங்கே சந்தை திறப்பது 9.15-க்கு.

மகள் படிப்புக்காக அமெரிக்க டெக் ஃபண்டில் போடலாமா?
- கடைக்காரர், கூடலூர்

2022-ல் டெக் பங்குகள் நிறைந்த அமெரிக்கக் குறியீடான நாஸ்டாக் 33 சதவீதம் விழுந்தது. ரூபாயில் கணக்குப் பார்த்தவருக்கு நஷ்டம் சுமார் 25 சதவீதம். மிச்சத்தை டாலர் ஏற்றம் தாங்கிக்கொண்டது. ரூபாய் வலுத்தால் இதுவே தலைகீழ். மகள் வெளிநாட்டில் படிக்கப் போகிறாள், ஃபீஸ் டாலரில் என்றால் கொஞ்சம் போடுங்கள். கோயம்புத்தூரில் படிக்கப் போகிறவளுக்கு எதற்கு டாலர்?